விரல் விடு தூது

மேகத்தையும் அன்னத்தையும் கிளியையும் நெஞ்சையும் தூது விடுத்த புலவர் நம் மொழியிற் பலர். தமிழையே தூது விடுத்தவரும் உளர். நாள்தோறும் நம் விரல்கள் விடுக்கும் தூதினைப் பாடினார்தாம் இலர் போலும். மடிக்கணினியில் விசைப்பலகைக்குக் கீழே உள்ளங்கையளவாய் அமைந்த டச்பேடின்மேல் விரல் நகர, திரையில் அம்புக்குறி நகர்கின்றதன்றோ? அவ்விரண்டிற்கும் இடையே செல்லும் தூதே யாம் கருதியது. அது தடைப்பட்டபோது சூலக்கரையில் ஓர் இல்லத்தில் நேர்ந்ததையும், தடை நீங்கிய வகையையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

விருதுநகரை அடுத்த சூலக்கரையில் எம் வகுப்புத் தோழி ஒருத்தி வாழ்கின்றாள். அவள் பயன்படுத்தும் மடிக்கணினி அவளுடையதன்று. 2011ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாட்டரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், அவள் தமக்கையார் பன்னிரண்டாம் வகுப்பிற் பெற்றது. அக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு ஆக்கிய பாஸ் என்னும் இயங்குதளமும் இருந்தது பலர் அறிந்ததே. அறிந்தும் அதனைத் திறந்து பார்த்தோர் சிலரே என்பது எம் துணிபு. தமக்கையார் மேற்படிப்பிற்குச் செல்ல இயலாது பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் சென்றார்; கணினி தங்கைக்கு வந்தது. அதன் நினைவகம் 2 ஜிகாபைட்டே. விண்டோஸ் 7க்கு உரிய பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் 2020 சனவரியோடு பொதுவாக நின்றுபோயின. அதனை முடுக்கிவிட்டு உலை வைத்து அரிசி களைந்து போட்டு வந்தாலும் திரை கண் விழித்திராது.

இதற்குப் பரிகாரமாக யாம் கூறியது இலகுவான லினக்ஸ். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கெர்னலின்மேல் எழுந்த இயங்குதளங்கள் பற்பல. அவற்றுள் பப்பி, லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் போல்வன சுமை குறைத்து ஆக்கப்பட்டவை, பழங்கணினிகளுக்கும் ஏற்றவை. அவ்வினத்தில் ஒன்றை, பழைய கோப்புகளைப் பென்டிரைவிற் படியெடுத்துக்கொண்டபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நிறுவினோம். கணினி ஒரு நிமிடத்தில் எழுந்தது. ஆனால் அம்புக்குறி திரையின் நடுவில் நின்றது நின்றபடியே நின்றது. டச்பேடு அசைவற்றுக் கிடந்தது.

தோழியின் அன்னையார் எம்மை நோவவில்லை. மூத்த மகளை நோக்கி, "மருந்துக் கையோட அதைத் தொடாதேன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்" என்றார். முந்திய நாள் ஆலையினின்றும் வந்தவர், தாம் பெற்ற கணினியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாராம். அதன்பின்னும் ஞாயிறு மாலைவரை அது செவ்வனே இயங்கிற்று என்பதை ஒருவரும் எண்ணிலர். தமக்கையார் மறுமொழி கூறாது எழுந்து சென்று, கழுவியிருந்த கைகளையே மீண்டும் சோப்பிட்டுக் கழுவினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆயிற்று. யாம் நாணினோம், கை கெடுத்ததா, யாம் கெடுத்தோமா என்பதைத் துணிந்தன்றி அவ்வில்லத்தை விட்டு எழுவதில்லை என்று அமர்ந்தோம்.

டச்பேடின் தோலுக்கு அடியில் மெல்லிய மின்கடத்திகள், தறியிற் பாவும் ஊடையும்போல, நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. நம் உடல் மின்சாரத்தைக் கடத்துவதாகலின், விரல் அணுகிய இடத்தில் அவற்றின் மின்தேக்கு அளவு சிறிது மாறுகின்றது. மாறிய இடம் யாதென்பதை உள்ளிருக்கும் சில்லு கணித்து எண்களாக்குகின்றது. ஆகவே அழுத்த வேண்டுவதில்லை. மரக்குச்சி பட்டால் ஒன்றும் நிகழாது. ஈரக்கை பட்டால் அம்பு தாறுமாறாய் ஓடும். விரலிற் படிந்த தூசு பலகையை அழுக்காக்கலாம். துடைத்த பின்னும் அடியோடு அவித்துவிடும் என்பது பொருந்தாது. 1994இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர்புக் 500 வரிசையின்பின் இப்பலகை மடிக்கணினிகளில் பரவிற்று. அதற்குமுன் அவ்விடத்தில் ஓர் உருண்டையை உருட்டி வந்தனர்.

நிற்க. மவுஸ் ஒன்று வாங்கினால் தீர்ந்ததே எனலாம். இரவல் மவுஸ் ஒன்றைச் செருகியபோது அது ஓடவும் செய்தது. ஆயின் அவ்வில்லத்தில் மேசையில்லை. தோழி பாயில் அமர்ந்து மடிமேல் வைத்தே எழுதுபவள். மவுஸ் ஓட இடம் எங்கே? எனினும் ஒன்று விளங்கிற்று: யுஎஸ்பி வழியே வரும் தூது சென்று சேர்கின்றது, தடை வேறு வழியில் உள்ளது.

இத்தகைய பழைய மடிக்கணினிகளில் டச்பேடின் எண்கள் செல்லும் வழி, 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளில் மவுசுக்கென வகுத்ததே. (புதியன பலவற்றில் ஐ2சி என்னும் வேறு வழியுண்டு, யாம் கூறும் பரிகாரம் அவற்றிற்கு ஆகாது.) விசைப்பலகைக்கும் டச்பேடுக்கும் வாயில் ஒன்றே, வாயில் காப்போன் 8042 என்னும் எண்ணால் வழங்கும் கட்டுப்படுத்தி. சில கணினிகளில் இவன், பல சாதனங்களின் செய்திகளைப் பிரித்தனுப்பும் ஆற்றல் தனக்கு உண்டென்று கெர்னலிடம் உரைப்பான், உரைத்தவாறு செய்யான். அவன் சொல்லைக் கெர்னல் நம்பினால் தூது வாயிலிலேயே நின்றுவிடும்.

எஃப்என் விசையால் டச்பேடு அணைக்கப்பட்டிருக்குமோ என்று முதலிற் பார்த்தோம், இல்லை. அடுத்து, டெர்மினலைத் திறந்து கெர்னல் கண்டறிந்த உள்ளீட்டுச் சாதனங்களின் பட்டியலை வாசித்தோம். விசைப்பலகை இருந்தது, மூடி இருந்தது, கேமராவும் இருந்தது, டச்பேடு இல்லை. பிஎஸ்மவுஸ் என்னும் டிரைவரை இறக்கி மீண்டும் ஏற்றினோம், பயனில்லை. இறுதியிற் கணினி எழும்போது தோன்றும் குரப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, கெர்னலை அழைக்கும் வரியின் முடிவில் 'ஐ8042.நோமக்ஸ்' என்று அதற்குரிய ஆங்கில எழுத்துகளிற் சேர்த்தோம். பிரித்தனுப்பும் ஆற்றலை வாயில் காப்போனிடம் வினவாதே என்பது அதன் பொருள். எஃப்10 விசையை அழுத்த, கணினி எழுந்தது. விரல் வைத்தோம், அம்பு நகர்ந்தது! இவ்வாறு எழுதியது ஒருமுறைக்கே ஆகலின், குரப்பின் அமைப்புக் கோப்பிலும் அதனைப் பொறித்துப் புதுப்பித்தோம்.

ஆயினும் விரலால் தட்டினால் கோப்பு திறக்கவில்லை. இது பழுதன்று, மரபு. இக்காலத்து லினக்சில் டச்பேடை ஆளும் லிப்இன்புட் என்னும் நிரல், அறியாது படும் விரலால் தவறு நேராதிருக்க, பெரும்பாலும் தட்டுதலைத் தொடக்கத்தில் அணைத்தே வைக்கின்றது. பெரிய மேசைத்தளங்களில் அதனை மாற்ற ஒரு பொத்தான் உண்டு. யாம் நிறுவிய இலகு தளத்திலோ அப்பொத்தானும் சுமையென்று விடப்பட்டது. ஆகலின் எக்ஸ்ஆர்க் அமைப்புக் கோப்பகத்தில் ஒரு சிறு கோப்பு எழுதினோம்: சாதனம் டச்பேடாயின், டிரைவர் லிப்இன்புட், டேப்பிங் ஆன் என்னும் பொருள்பட ஆறே வரிகள். வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் தட்டுதல் கைகூடிற்று.

குற்றம் எந்தக் கையினதும் அன்று என்பதை அன்னையார்க்கு எடுத்துரைத்தோம். கட்டுப்படுத்தியும் கெர்னலும் அவர்க்கு எவ்வளவு விளங்கினவோ, யாம் நிறுவியதால் நேர்ந்தது என்பது நன்கு விளங்கிற்று. "அப்ப நீங்க பார்த்த வேலைதானா?" என்றார். ஆம் என்றோம். பின்னர்த் தோழி, "அக்கா, நீ வந்து தொட்டுப் பாரேன்" என்று அழைத்தாள். தமக்கையார் சேலைத் தலைப்பிற் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பாயில் அமர்ந்தார். ஒரு விரலால் அம்பினை மெல்ல நகர்த்தி, யாம் மீட்டு வைத்திருந்த பழைய கோப்புறையின்மேல் நிறுத்தி, இருமுறை தட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் வரிசையாய் நின்ற படம் ஒன்று திரையில் விரிந்தது. அன்னையாரும் அடுக்களையினின்று வந்து, அவர் தோளின்மேல் கைவைத்துக் குனிந்து நோக்கினார்.