ஹாமில்டன் ஹாலின் கதவுகள்

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹாமில்டன் ஹால், இளங்கலை மாணவர்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் வகுப்புக் கட்டடம். 1985 ஏப்ரல் 4ஆம் நாள் அதன் முன்கதவுகளைச் சங்கிலியால் பூட்டிவிட்டு மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதன் நினைவு நாள் அது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தும் அமெரிக்க நிறுவனங்களின் பங்குகளைப் பல்கலைக்கழகம் விற்றுவிட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஏழு பேர் அதற்கு முன்பே உண்ணாவிரதம் தொடங்கியிருந்தார்கள். மழை வந்தபோது படிக்கட்டுக்கு மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள். கட்டடத்துக்கு மண்டேலா ஹால் என்று பெயர் வைத்தார்கள். மண்டேலா அப்போது சிறையில் இருபத்து மூன்றாம் ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்தார். முற்றுகை மூன்று வாரம் நீடித்தது. நீதிமன்ற ஆணை வந்தது. போலீஸ் வந்து யாரையும் இழுத்துச் செல்லவில்லை. மாணவர்கள் தாங்களாகவே எழுந்து கலைந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், சுமார் 3 கோடியே 90 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகளை விற்றுவிட அறங்காவலர் குழு முடிவெடுத்தது.

2024 ஏப்ரல் 17 விடிவதற்குள் அதே வளாகத்தின் புல்வெளியில் கூடாரங்கள் முளைத்தன. இம்முறை கோரிக்கை இஸ்ரேலின் காசாப் போரோடு தொடர்புள்ள நிறுவனங்களிலிருந்து முதலீட்டை எடுக்க வேண்டும் என்பது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்திருந்தார்கள். அதைத் தொடர்ந்த போரில், கூடாரங்கள் எழுந்த நேரத்தில், காசாவின் சுகாதார அமைச்சகக் கணக்குப்படி 33,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். மறுநாளே போலீஸ் வந்தது; நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பக்கத்துப் புல்வெளியில் மறுபடி கூடாரம் எழுந்தது. ஏப்ரல் 30 நள்ளிரவு கடந்ததும் ஒரு குழு ஹாமில்டன் ஹாலுக்குள் புகுந்து கதவுகளை அடைத்துக்கொண்டது. மாடியிலிருந்து தொங்கவிட்ட துணியில் இருந்த பெயர் ஹிந்த் ரஜப்புடையது. காசாவில் ஒரு காருக்குள், இறந்துபோன உறவினர்களுக்கு நடுவே சிக்கி, தொலைபேசியில் உதவி கேட்டுக்கொண்டே இருந்த சிறுமி அவள். அவளை மீட்கப் போன ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். ஹாமில்டன் ஹாலுக்கு ஒரு நாள்கூடக் கெடு கிடைக்கவில்லை. அன்று இரவே, ஏணி பொருத்திய கவச வண்டியிலிருந்து போலீஸ்காரர்கள் இரண்டாம் மாடிச் சன்னல் வழியாக உள்ளே இறங்கினார்கள்.

மூன்று வாரம் எங்கே, ஒரு நாள் எங்கே. இதற்கு நான் காணும் காரணங்களில் ஒன்று 1968. வியட்நாம் போரை எதிர்த்து இதே கட்டடத்தையும் வேறு சில கட்டடங்களையும் மாணவர்கள் கைப்பற்றியபோது, அதே ஏப்ரல் 30ஆம் நாளில்தான் போலீஸ் புகுந்து சுமார் 700 பேரைக் கைது செய்தது. பல்கலைக்கழகத்துக்கு அது நெடுங்காலம் ஆறாத புண். 1985இல் நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு அந்த இரவு பதினேழு ஆண்டு பழையது. பலர் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். 2024இல் அது வரலாற்றுப் பாடம். பாடமாகிவிட்ட தவறு மீண்டும் நடக்க அதிக நேரம் பிடிப்பதில்லை.

ஆனால் இரண்டு காலத்துக்கும் உள்ள ஆழமான வேறுபாடு போலீஸில் இல்லை, பணத்தில் இருக்கிறது. அன்று ஒரு பல்கலைக்கழகத்தின் மூலதன நிதியில் பெரும்பகுதி அமெரிக்கப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் இருந்தது. எந்தக் கம்பெனியில் எத்தனை பங்கு என்று ஒரு பட்டியல் போட முடியும். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் என்று பெயர் சொல்லிக் கேட்க முடியும். விற்றால் விற்றதாகக் காட்டவும் முடியும். முற்றுகை நடந்த அதே 1985இல்தான் டேவிட் ஸ்வென்சன் என்ற இளைஞர் யேல் பல்கலைக்கழகத்தின் நிதியை நிர்வகிக்க வந்து சேர்ந்தார். பங்குச் சந்தையில் நேரடியாக வாங்குவதைக் குறைத்து, ஹெட்ஜ் ஃபண்டுகள், தனியார் முதலீட்டு நிதிகள் என்று வெளி மேலாளர்களின் கையில் பணத்தைக் கொடுக்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். யேலின் நிதி பெருகியது; மற்ற பல்கலைக்கழகங்களும் அதே வழியில் போயின. ஏழை மாணவர்களுக்குக் கிடைத்த உதவித்தொகையும் அதோடு பெருகியது என்பதை மறுக்க முடியாது. கொலம்பியாவின் நிதி 2023இல் 1,360 கோடி டாலர். அதில் எது எந்த நாட்டில், எந்த ஆயுத ஆலையில் இருக்கிறது என்று வெளியில் நிற்கும் ஒரு மாணவரால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, முதலீட்டை விலக்கு என்று கேட்பதற்கு முன்னால் கணக்கைக் காட்டு என்று கேட்க வேண்டியதாயிற்று. 1985இன் மாணவர்களால் முழுச் சக்தியையும் இரண்டாவது கேள்விக்குச் செலவிட முடிந்தது. இன்றைய மாணவர்கள் முதல் கேள்வியிலேயே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

2024 ஏப்ரல் 29 அன்று பல்கலைக்கழகத் தலைவர் மினூஷ் ஷஃபீக், இஸ்ரேலிலிருந்து முதலீட்டை விலக்கப்போவதில்லை என்று அறிவித்தார். அதே அறிக்கையில், நேரடி முதலீடுகளின் பட்டியலை மாணவர்கள் பார்க்க வழிசெய்வதாகவும் சொன்னார். நேரடி என்ற அந்த ஒரு சொல்லில்தான் நாற்பது ஆண்டு மாற்றமும் அடங்கியிருக்கிறது.

கொலம்பியா விலக்கலே அறியாத நிறுவனம் அல்ல. டார்ஃபூர் படுகொலைகளின்போது, 2006இல், சூடான் அரசோடு தொழில் செய்த நிறுவனங்களை ஒதுக்கியது. 2015இல் தனியார் சிறை நிறுவனங்களிலிருந்து விலகிய முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதுதான். மாணவர்கள் கேட்டார்கள், குழு ஆராய்ந்தது, அறங்காவலர்கள் ஒப்பினார்கள். அதே வாசலில்தான் காசாவுக்காகவும் போய் நின்றார்கள். 2020இல் கொலம்பியா கல்லூரி மாணவர் வாக்கெடுப்பில் ஐந்தில் மூன்று பங்கினர் இஸ்ரேல் தொடர்பான விலக்கலை ஆதரித்தார்கள். 2024 ஏப்ரலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல். வாசல் திறக்கவில்லை.

திறக்காததற்குச் சொல்லப்படும் காரணத்தையும் பொருட்படுத்தத்தான் வேண்டும். அன்று தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா அரசைத் தன் சொந்த வீடாக நினைத்த மாணவர் கூட்டம் எதுவும் வளாகத்தில் இல்லை. இன்று இஸ்ரேலோடு குடும்பமும் நம்பிக்கையுமாகப் பிணைந்த யூத மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அந்த வாரங்களில் அச்சத்தோடு நடமாடியதாகச் சொன்னார்கள். அதே நேரம், கூடாரங்களுக்கு நடுவே துணி விரித்துப் பஸ்கா விருந்து உண்டவர்களும் யூத மாணவர்களே. ஒரே பண்டிகையை ஒரே வளாகத்தில் இரு மனநிலையில் கொண்டாடினார்கள்.

முகங்களும் மாறிவிட்டன. 1985இன் புகைப்படங்களில் படிக்கட்டில் இருப்பவர்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். 2024இல் பெரும்பாலோர் முகக்கவசமும் கஃபியா துணியும் அணிந்திருந்தார்கள். 2023 இலையுதிர் காலத்திலேயே, மாணவர்களின் படத்தையும் பெயரையும் திரையில் காட்டியபடி ஒரு லாரி வளாகத்தைச் சுற்றி வந்தது. வேலை போகும், விசா போகும் என்ற பயம் வெறும் கற்பனையாக இல்லை: 2025 மார்ச்சில் கூடாரப் போராட்டத்தில் மாணவர்கள் சார்பாகப் பேசிய, நிரந்தர வசிப்புரிமை பெற்றிருந்த மஹ்மூத் கலீலைக் குடிவரவு அதிகாரிகள் அவர் குடியிருந்த பல்கலைக்கழக அடுக்ககத்திலேயே கைது செய்தார்கள். அதே மாதம் மத்திய அரசு கொலம்பியாவின் 40 கோடி டாலர் மானியத்தை நிறுத்தியது. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதிபர் ரீகனின் தடுப்பு அதிகாரத்தையும் மீறித் தென்னாப்பிரிக்கத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது; மாணவர்கள் போன திசையில் பின்னால் சட்டம் வந்தது. இன்று இஸ்ரேலைப் புறக்கணிப்பதற்கு எதிராக முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சட்டமோ ஆணையோ இருக்கிறது.

பங்குகளை விற்றதால் மட்டும் நிறவெறி வீழ்ந்துவிடவில்லை. பங்கு விலைகளில் அதன் தாக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று 1999இல் வெளியான பொருளியல் ஆய்வு சொன்னது. ஆனால் 1985 கோடையில் சேஸ் மன்ஹாட்டன் வங்கி தென்னாப்பிரிக்காவுக்குத் தந்த குறுகியகாலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தது. சில வாரங்களில் அந்த நாடு கடன் தவணைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. நாட்டுக்குள் கறுப்பின மக்கள் நடத்திய போராட்டம்தான் அடிப்படை. வெளியில் இருந்தவர்கள் செய்தது, அந்த அரசோடு வியாபாரம் செய்வதை வெட்கப்பட வேண்டிய காரியமாக்கியது.

அந்த வெட்கம் இப்போது வேறு ஊர்களில் வேலை செய்கிறது. 1984இல் டப்ளினில் டன்ஸ் கடையின் இளம் பெண் ஊழியர் ஒருவர் தென்னாப்பிரிக்கப் பழத்துக்குப் பில் போட மறுத்தார். வேலைநிறுத்தம் இரண்டரை ஆண்டுக்கு மேல் நீண்டு, 1987இல் அயர்லாந்து அந்நாட்டுப் பொருள்களின் இறக்குமதியையே தடை செய்தது. அதே டப்ளினில், 2024 மேயில் டிரினிட்டி கல்லூரி மாணவர்கள் கூடாரமிட்ட ஐந்து நாளில், ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் இயங்குவதாக ஐ.நா. பட்டியலிட்ட இஸ்ரேலிய நிறுவனங்களிலிருந்து விலக நிர்வாகம் ஒப்பந்தம் செய்தது. 2025 ஜூனில் இஸ்ரேலிய நிறுவனங்கள் அனைத்திலிருந்தும் விலக முடிவானது. அடுத்த மாதம் கொலம்பியா, நிறுத்தப்பட்ட மானியத்தை மீட்க, மத்திய அரசுக்கு 20 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. 1985இல் விற்ற பங்குகளின் மதிப்பைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் அது.