ஊசியும் நூலும் மட்டும் போதாது!

குரோஷா பின்னி விற்கும் பெண்களுக்குக் கூட்டு தரும் பலம்

குரோஷா ஊசி ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அதோடு ஒரு நூல் உருண்டையும் இருந்தால் போதும், வீட்டு வாசலைத் தாண்டாமலே நாலு காசு பார்க்கலாம். மாதுங்கா, செம்பூர், தாராவி, முலுண்டு என்று தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடங்களில் இந்தக் கைவேலை தெரிந்த பெண்கள் உண்டு. மேஜை விரிப்பு, குழந்தைத் தொப்பி, கைப்பை, வாசல் தோரணம், பொம்மை என்று பின்னி, தெரிந்தவர்களுக்கு விற்கிறார்கள். வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கணவரின் சம்பளம் போய்விட, இந்தப் பணம்தான் மாதக் கடைசியைத் தள்ளிவிடுகிறது.

ஆனால் வேலை கற்றுக்கொண்ட அளவுக்கு வியாபாரம் கற்றுக்கொள்ள இவர்களுக்கு இடமில்லை. கேட்கும் விலை சரியா, கடைக்காரர் சொல்லும் நூல் விலை நியாயமா, வாங்கிக்கொண்டு போனவர் பணம் தராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பதற்கு ஆளில்லை. ஊரில் இருந்தால் அத்தையோ சித்தியோ வழி சொல்வார்கள். வேற்று மாநிலத்தில் அதுவும் இல்லை. அதே தொழில் செய்யும் இன்னும் பத்துப் பேரோடு கூட்டுச் சேருவதே இதற்கு வழி.

உதைக்கும் கணக்கு

ஒரு மேஜை விரிப்பை எடுத்துக்கொள்வோம். நூலுக்கு 250 ரூபாய். பின்னி முடிக்க 30 மணி நேரம். விற்ற விலை 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கையில் நின்றது 350 ரூபாய். அதாவது மணிக்கு 12 ரூபாய்கூட இல்லை!

இந்தக் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதே கிடையாது. "சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுகிறேன்" என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையே விலையை வெட்டும் கத்தரிக்கோல். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வாங்குபவர், நேரத்துக்கு ஏன் காசு தரப் போகிறார்?

துணி நெய்ய விசைத்தறி வந்தது. ஸ்வெட்டர் பின்ன எந்திரம் வந்தது. குரோஷாவை அப்படியே பின்னும் எந்திரம் மட்டும் இன்றுவரை கடைவீதிக்கு வரவில்லை. எந்திர லேஸ் பார்வைக்கு அதுபோல் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே குரோஷா சாமான் எதுவானாலும், அதன் ஒவ்வொரு கண்ணியும் ஒருவர் கையால் போட்டது. நேரத்தைக் கணக்கில் சேர்க்காத விலை, கையைக் கணக்கில் சேர்க்காத விலையாகும்.

நரசாப்பூர் சொல்லும் பாடம்

தனித்தனியாகப் பின்னினால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்திலுள்ள நரசாப்பூரே சாட்சி. 19ம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் அங்கே வீட்டுக்கு வீடு பரவியது. அந்தப் பெண்கள் பின்னிய விரிப்புகள் கப்பலேறி வெளிநாட்டுச் சாப்பாட்டு மேஜைகளை அலங்கரித்தன.

ஜெர்மன் ஆய்வாளர் மரியா மீஸ் 1970களின் கடைசியில் அங்கே தங்கி ஆராய்ந்தார். 1982ல் அவரது நூல் வெளியானது. இந்தத் தொழிலில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் ஈடுபட்டிருந்ததாக அவர் கணக்கிட்டார். ஏற்றுமதியாளர் நூலைத் தருவார். ஏஜெண்டு அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பின்னிய சரக்கை வாங்கி வருவார். ஒருத்தி பூ பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். முழு விரிப்பு என்ன விலைக்குப் போகிறது என்பது இருவருக்குமே தெரியாது. வெளியே போய் வேலை செய்வது கௌரவக் குறைவு என்று எண்ணிய குடும்பங்கள் பல. எனவே சந்தையை அந்தப் பெண்கள் கண்ணால் கண்டதில்லை.

நாள் முழுக்க விரல் தேயப் பின்னியவர்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. "இல்லத்தரசிகள், பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள்" என்றார்கள். பொழுதுபோக்குக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எதற்கு? கூலி அந்தச் சட்டம் சொல்லும் அளவில் சிறு பங்காகவே நின்றது. லாபம் வியாபாரியிடம் தங்கியது.

சென்னையிலிருந்து போன சங்கம்

இந்த நிலையில் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு சென்னை அமைப்பு என்பது தமிழர்களுக்குப் பெருமை தரும் செய்தி. ஜெயா அருணாசலம் 1978ல் தொடங்கிய 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' என்னும் உழைக்கும் பெண்கள் அமைப்புதான் அது. சென்னையின் நடைபாதை வியாபாரப் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, கந்துவட்டியிலிருந்து மீட்க வங்கிக் கடன் வாங்கித் தந்தது. 1980களில் நரசாப்பூர் லேஸ் பெண்களிடையேயும் அது குழுக்களை அமைத்தது. சொந்தப் பணத்தில் நூல் வாங்க முடிந்தால், ஏஜெண்டின் நூலுக்குக் காத்திருக்க வேண்டாமல்லவா?

நரசாப்பூர் குரோஷா லேசுக்கு 2024ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி வேறு ஊர்ச் சரக்கை அந்தப் பெயரில் விற்க முடியாது. இருந்தாலும் பெயருக்குக் கிடைத்த மதிப்பு கைக்கும் கிடைக்க வேண்டுமானால், பின்னுகிறவர்கள் சேர்ந்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

எண்பது ரூபாய்க் கடன்

வெகுதூரம் போவானேன்? மும்பை கிர்காமிலேயே 1959ல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். அதுதான் இன்றைய 'லிஜ்ஜத் பாப்பட்'. அதில் சேரும் பெண்கள் கூலிக்காரர்கள் அல்லர், பங்குதாரர்கள். ஆமதாபாத்தில் இலா பட் 1972ல் தொடங்கிய 'சேவா' சங்கம், 1974ல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்றே ஒரு வங்கி தொடங்க வழி செய்தது.

அப்பளத்துக்கு முடிந்தது குரோஷாவுக்கு முடியாதா? 2016 ஜனவரியில் சென்னையில், வீட்டில் தனித்தனியே பின்னிக்கொண்டிருந்த பெண்கள் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெயரில் ஒன்றுகூடி, 11,148 சதுர மீட்டர் போர்வையை உருவாக்கி கின்னஸ் சாதனை படைத்தார்கள். அது விற்பனைச் சங்கம் அல்ல. ஆனால் ஒருவரை ஒருவர் அறியாத கைகள் ஒரே அளவில், குறித்த நாளில் சரக்கை முடித்துத் தர முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

போட்டியாளர் கூட்டாளி ஆவாரா?

"அவளும் அதே பையைத்தானே விற்கிறாள், அவளிடம் போய் எப்படித் தொழில் ரகசியத்தைச் சொல்வது?" இந்தச் சந்தேகம் எவருக்கும் வருவதுதான். பதில் சொல்ல ஓர் உதாரணம் போதும்.

கல்யாண வீட்டுக்காரர் தாம்பூலப் பைக்கு ஆர்டர் தருகிறார்; 200 பை வேண்டும் என்கிறார். நாளைக்கு மூன்று பை பின்னும் ஒருவருக்கு இது இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வேலை. முகூர்த்தம் காத்திருக்காது. தனி ஆள் என்றால் அந்த ஆர்டரை விட்டுவிட வேண்டியதுதான். பத்துப் பேர் என்றால் ஒரு வாரத்தில் முடியும்.

இதில் சிக்கலும் உண்டு. ஒருவர் கண்ணியை இறுக்கிப் போடுவார், ஒருவர் தளர்த்திப் போடுவார். பைகள் அளவு மாறிவிடும். வெவ்வேறு கடையில் வாங்கிய நூல் ஒரே நிறம் என்றாலும், சாயம் போட்ட லாட் எண் வேறாக இருந்தால் பக்கத்தில் வைக்கும்போது வித்தியாசம் தெரிந்துவிடும். ஆகவே ஊசி எண்ணை முடிவு செய்து, ஒரே லாட் நூலை மொத்தமாக வாங்கி, ஒரு மாதிரிப் பையைப் பின்னி எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும். புலேஷ்வர் பக்கத்து மொத்தக் கடையில் பத்துப் பேருக்கும் சேர்த்து வாங்கும்போது பேரம் பேசவும் தெம்பு வரும். ஆர்டர் பிடித்தவருக்கு எவ்வளவு, பின்னியவருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் பிறகு மனஸ்தாபம் இல்லை.

குழு முழுக்கத் தமிழர்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மராத்தி, குஜராத்திப் பெண்களும் இருந்தால் கடைவீதியில் பேச நாக்கு கிடைக்கும். மகாராஷ்டிரத்தில் 'பசத் கட்' என்று சொல்லும் சுய உதவிக் குழுவை 10 முதல் 20 பேர் சேர்ந்து அமைக்கலாம். தனியே பதிவு செய்ய வேண்டிய அவசியமில்லை. வங்கிக் கணக்கும் ஒழுங்கான சேமிப்பும் இருந்தால் கடனுக்கு வழி உண்டு.

சேருமுன் கவனிக்க

எல்லாக் குழுவும் நல்ல குழு என்று சொல்லிவிட முடியாது. நுழைவுக் கட்டணம் பெரிதாகக் கேட்டு வரவு செலவைக் காட்டாத குழு, தலைவி ஒருவரே ஆர்டர் பிடித்து விலையைச் சொல்லாமல் வேலையை மட்டும் பங்கிடும் குழு, "எங்களிடமே நூல் வாங்க வேண்டும்" என்று கட்டாயப்படுத்தும் குழு ஆகியவற்றில் சேராதிருப்பதே நல்லது. அது பழைய ஏஜெண்டு புடைவை கட்டி வந்த கதை!

கைவினைஞர்களுக்கு மத்திய அரசின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் 'பெஹச்சான்' என்னும் அடையாள அட்டை தருகிறது. சிறு தொழிலுக்கான 'உத்யம்' பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குக் கட்டணம் ஒரு பைசாவும் கிடையாது. பதிவுக் கட்டணம் என்று யாராவது காசு கேட்டால் நம்ப வேண்டாம். இத்தகைய விவரங்கள் ஒருவருக்குத் தெரிந்தால் பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும் என்பதே குழுவின் பெரிய லாபம்.

முதல் கூட்டத்துக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு ஞாயிறு மாலை, ஒருவர் வீட்டில், ஆளுக்கொரு சாமானைக் கொண்டுவந்து நடுவில் வைக்கட்டும். அதோடு ஒரு துண்டுத் தாளில் நூல் செலவு, பிடித்த நேரம், விற்ற விலை மூன்றையும் எழுதி வைக்கட்டும். ஒரே மாதிரிப் பையை ஒருவர் 150க்கும் இன்னொருவர் 300க்கும் விற்றிருப்பது அப்போது தெரியவரலாம். 150க்கு விற்றவர் அடுத்த பைக்கு என்ன விலை சொல்வார் என்பதை, கூட்டம் கலைவதற்குள் அவரே தீர்மானித்துவிடுவார்.