கோலம் போடும் கைக்கு இன்ஜினீயரிங் டிராயிங் வராதா?

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளை ஏறும் முன், அடிவாரத் தெருக்களில் விடியற்காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். தண்ணீர் தெளித்த வாசலில் புள்ளி வைத்து, கோட்டை வளைத்து வளைத்து இழுத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பார்கள். ஆந்திர எல்லை ஊர் அல்லவா? தமிழ் வீட்டில் அது கோலம். தெலுங்கு வீட்டில் முக்கு. ஸ்கேலும் கிடையாது, பென்சிலும் கிடையாது. முழுப் படமும் மனதில்தான் இருக்கிறது.

இப்படி வடிவங்களை மனதிலேயே பார்ப்பதை 'இடம்சார் சிந்தனை' என்கிறார்கள். ஒரு பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது, வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று ஊகிப்பது, மேப் பார்த்து வழி பிடிப்பது எல்லாம் இதில் அடக்கம்.

கம்ப்யூட்டருக்குப் போன கோலம்

1970-களில் தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து கோலங்களை ஆராய்ந்தார்கள். படங்களைக் கணித விதிகளாக எழுதும் கணினி அறிவியல் ஆய்வுக்கு நம் வாசல் கோலம் உதாரணமானது.

'எனக்கு வராது' என்பது உண்மையா?

இன்ஜினீயரிங் முதல் வருடத்தில் கிராபிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களைக் கேளுங்கள், வலி தெரியும். 'நமக்கு இது செட் ஆகாது' என்று படிப்பையே வெறுத்தவர்களும் உண்டு.

அமெரிக்கப் பேராசிரியர் ஷெரில் சோர்பியும் மாணவியாக இருந்தபோது இதே பாடத்தில் திணறியவர்தான். 1993-ல் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இந்தத் திறனில் பின்தங்கிய முதலாண்டு மாணவர்களுக்குத் தனி வகுப்பு தொடங்கினார். பின்தங்கியவர்களில் மாணவிகளின் விகிதம் அதிகம். பொருளைத் திருப்பிப் பார்த்து, கையால் வரைந்து பழகிய பிறகு மதிப்பெண் உயர்ந்தது. மாணவிகள் இன்ஜினீயரிங்கை விட்டுப் போவதும் குறைந்தது.

2013-ல் டேவிட் அட்டல் குழு 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும் இதே முடிவுதான்: பயிற்சி செய்தால் இந்தத் திறன் எந்த வயதிலும் வளரும்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. அனுபவம் கூடக் கூட, நிபுணர்கள் தங்கள் துறை அறிவையே அதிகம் நம்புகிறார்கள் என்கிறார் அட்டல். மனதில் திருப்பிப் பார்க்கும் திறன் அதிகம் தேவைப்படுவது ஆரம்பத்தில்தான். பலர் மனம் உடைந்து விலகுவதும் அங்கேதான்.

வீட்டிலேயே செய்யலாம்

காய் நறுக்கும் முன், வெட்டினால் என்ன வடிவம் வரும் என்று குழந்தையிடம் கேளுங்கள். பேப்பர் மடித்து விளையாடுங்கள். தெரிந்த தெருவின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். புள்ளிக் கோலமும் பழக்கலாம், பையன்களுக்கும்தான்!

கோலம் போட்டாலே இன்ஜினீயர் ஆகிவிடலாம் என்று அர்த்தமில்லை. ஆனால், முதல் டெஸ்ட்டில் மார்க் குறைந்ததும் 'உனக்கு இது வராது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பழகினால் வரும்.