ஜெயிச்ச பிறகு ரேஸ் வீரர்கள் ஏன் அழுகிறார்கள்? துபாய் முதல் ஓசூர் வரை... ஹெல்மெட்டுக்குள் நடப்பது என்ன?

2025 ஜனவரி 12. துபாயில் 24 மணி நேர கார் ரேஸ் முடிந்த சில நிமிடங்கள். நடிகர் அஜித்குமாரின் அணி தன்னுடைய பிரிவில் 3-வது இடம் பிடித்திருந்தது. கையில் தேசியக் கொடியோடு ரசிகர்களைப் பார்த்துக் கையசைத்த அஜித், மனைவி ஷாலினியை அணைத்துக்கொண்ட காட்சி அன்று இரவே எல்லோருடைய போனுக்கும் வந்து சேர்ந்தது.

"மூணாவது இடத்துக்கே இவ்வளவு கொண்டாட்டமா?" என்று சிலர் கேட்டார்கள். ஆனால், அதே துபாய் டிராக்கில் சில நாட்களுக்கு முன்பு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிற்சியின்போது அஜித் ஓட்டிய கார் தடுப்பில் மோதி, சுழன்று நின்றது. காயமின்றி அவர் இறங்கி வந்ததே பெரிய விஷயம்.

ரேஸ் முடிந்ததும் வீரர்கள் கத்துகிறார்கள், காரின் மேல் ஏறிக் குதிக்கிறார்கள், மண்டியிட்டுக் கும்பிடுகிறார்கள், குழந்தை மாதிரி தேம்பி அழுகிறார்கள். இது கேமராவுக்கான நடிப்பா? உடம்பிலும் மனசிலும் அப்போது என்னதான் நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இதற்கும் ஓசூருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறையவே இருக்கு. 1980-ல் இரண்டு பேர் போகக்கூடிய டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது ஓசூர் தொழிற்சாலையிலிருந்துதான். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1982-ல், டிவிஎஸ் ரேசிங் அணி தொடங்கப்பட்டது. கர்நாடக எல்லையில் இருக்கும் இந்தத் தொழில் நகரம், இந்திய பைக் ரேஸின் முக்கியமான முகவரிகளில் ஒன்று.

2015-ல் பிரான்ஸின் ஷெர்கோ நிறுவனத்துடன் சேர்ந்து, உலகின் மிகக் கடினமான டக்கார் ராலியில் இந்த அணி கலந்துகொள்ளத் தொடங்கியது. இதே அணியின் ஹரித் நோவா, கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்தவர். 2024 ஜனவரியில் சவுதி அரேபியாவில் சுமார் 7,900 கி.மீ. நீண்ட அந்த ராலியில், 'ராலி 2' பிரிவில் முதலிடம் பிடித்தார். டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் அவர்தான். ஒட்டுமொத்தத் தரவரிசையில் 11-வது இடம்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பெங்களூரு. அந்த ஊரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே, டிவிஎஸ் ரேசிங் வீராங்கனையாக இருந்தபோது 2019-ல் பெண்களுக்கான பாஜா உலகக் கோப்பையை வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்பெயினில் நடந்த போட்டியில் விழுந்து, கணையம் கிழியும் அளவுக்கு அடிபட்டவர் அவர்.

வெற்றிக்குப் பின் வரும் கண்ணீரைப் புரிந்துகொள்ள, இப்படி விழுந்து எழுந்த கதைகள் தெரிந்திருக்க வேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

"உக்காந்துக்கிட்டுதானே ஓட்டுறாங்க, இதுல என்ன களைப்பு?" என்று தோன்றலாம். ஃபார்முலா 1 காரில் உட்கார்ந்திருப்பவரின் இதயம் நிமிடத்துக்கு 170 முறைக்கு மேல் துடிப்பது சகஜம். கிட்டத்தட்ட ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு இதே நிலைதான். வெயில் அதிகமான ஊர்களில் ஒரே ரேஸில் 2 முதல் 3 கிலோ வரை எடை குறையும். அத்தனையும் வியர்வை.

பைக்கிலும் இதே கதைதான். 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் மோட்டோஜிபி ரேஸ் நடந்தது. 2-வது இடம் பிடித்த ஸ்பெயின் வீரர் ஜார்ஜ் மார்ட்டின், பைக்கை நிறுத்தியதும் துவண்டுபோனார். உடம்பில் நீர்ச்சத்து வற்றியதுதான் காரணம்.

ரேஸ் ஓடும்வரை அட்ரினலின் சுரந்துகொண்டே இருக்கும். பசி, வலி, பயம் எல்லாவற்றையும் அது ஓரமாகத் தள்ளி வைக்கும். செக்கர்டு கொடி விழுந்ததும், "இனி ஆபத்து இல்லை" என்று மூளை முடிவு செய்கிறது. அதுவரை முறுக்கி வைத்திருந்த உடம்பைத் தளர்த்த, பாராசிம்பதெடிக் எனப்படும் நரம்பு மண்டலம் வேலையைத் தொடங்குகிறது. கண்ணீர்ச் சுரப்பியைத் தூண்டுவதும் இதே நரம்பு மண்டலம்தான்.

பிள்ளை ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கும்வரை தைரியமாக நிற்கும் அம்மா, "நல்லபடியா முடிஞ்சுது" என்று டாக்டர் சொன்ன பிறகு உடைந்து அழுவதைப் பார்த்திருப்போம். ரேஸ் வீரருக்கு நடப்பதும் அதுதான்.

கொடி விழும்வரை அழக்கூடாது... ஏன்?

ரேஸ் வீரருக்கு உணர்ச்சி என்பது வெறும் உணர்ச்சி அல்ல, ஒரு ஆபத்து. இதற்குச் சிறந்த உதாரணம் ஃபெராரி வீரர் சார்ல் லெக்லேர்.

மொனாக்கோவில் பிறந்து வளர்ந்த அவர், 2024 மே 26 அன்று சொந்த ஊர் ரேஸை முதல்முறையாக வென்றார். அவரைப் பந்தய வீரராக்கப் பாடுபட்ட அப்பா 2017-ல் இறந்துவிட்டார். ஞானத்தந்தை போல இருந்த ஜூல் பியாங்கி, 2014-ல் ஜப்பான் ரேஸில் நடந்த விபத்தில் படுகாயமடைந்து 2015-ல் உயிரிழந்தார்.

ரேஸ் முடிய இரண்டு சுற்றுகள் இருக்கும்போதே அப்பாவின் நினைவு வந்து, கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வரும்போது பார்வையே மங்கியது என்று லெக்லேர் பிறகு சொன்னார். இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர். ஒரு நொடி தவறினால் எல்லாமே போச்சு. அழுகையை அடக்கி, கோட்டைத் தாண்டிய பிறகுதான் அவர் கத்தினார்.

அந்த இரண்டு சுற்றுகளில் அவர் செய்ததைத்தான் எல்லா வீரர்களும் ரேஸ் முழுக்கச் செய்கிறார்கள். பயம், கோபம், ஆசை, துக்கம் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். கொடி விழுந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறது.

கண்ணீர் எல்லாம் ஒரே ரகமா?

இல்லை. டிவியில் ஒரே மாதிரி தெரிந்தாலும் காரணங்கள் வேறு வேறு.

காத்திருப்பின் கண்ணீர்: ஏழு முறை உலக சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன், 2021 டிசம்பருக்குப் பிறகு ஒரு ரேஸும் ஜெயிக்காமல் 945 நாட்கள் காத்திருந்தார். 2024 ஜூலை 7 அன்று சில்வர்ஸ்டோனில் வென்றதும், அப்பாவைக் கட்டிப்பிடித்து நீண்ட நேரம் அழுதார். "இனி இவரால முடியாது" என்ற பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே கடந்த நாட்கள் அவை.

வலியின் அலறல்: 1991-ல் பிரேசில் வீரர் அயர்டன் சென்னா முதல்முறையாகச் சொந்த நாட்டு ரேஸை வென்றார். கடைசியில் கியர்பாக்ஸ் கோளாறாகி, ஆறாவது கியரிலேயே காரை ஓட்ட வேண்டியதாயிற்று. ரேஸ் முடிந்ததும் ரேடியோவில் கேட்ட அவருடைய அலறலில் சந்தோஷமும் இருந்தது, வலியும் இருந்தது. மேடையில் கோப்பையைத் தூக்கவே சிரமப்பட்டார்.

துக்கத்தின் கண்ணீர்: 2000 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில் வென்ற மைக்கேல் ஷூமாக்கர், சென்னாவின் 41 வெற்றிகளைச் சமன் செய்தார். செய்தியாளர் சந்திப்பில் அதைப் பற்றிக் கேட்டதும், 'இயந்திரம்' என்று பெயரெடுத்த மனிதர் உடைந்து அழுதார். சென்னா 1994-ல் ரேஸின்போதே உயிரிழந்தவர். அவருடைய காருக்குப் பின்னால் அன்று வந்துகொண்டிருந்தது ஷூமாக்கரின் கார்தான். மோன்சா ரேஸ் நாளிலும், விபத்தில் பறந்துவந்த கார் பாகம் பட்டு, பாவ்லோ கிஸ்லிம்பெர்டி என்ற தீயணைப்புத் தன்னார்வலர் உயிரிழந்திருந்தார்.

இந்திய அணிகளும் இதற்கு விலக்கல்ல. 2020 டக்கார் ராலியில் ஹீரோ அணியின் போர்ச்சுகல் வீரர் பாவ்லோ கான்சால்வ்ஸ் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு அதே ராலியில் பெங்களூருவின் சி.எஸ்.சந்தோஷ் பலத்த காயமடைந்து கோமாவில் வைக்கப்பட்டு, பிறகு மீண்டு வந்தார். 2023-ல் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், ஜனவரியில் மூத்த கார் பந்தய வீரர் கே.இ.குமாரும், ஆகஸ்டில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயது பைக் வீரர் ஒருவரும் உயிரிழந்தனர்.

பாதுகாப்பு வசதிகள் அத்தனையும் இருக்கும் இடத்திலேயே இப்படி நடக்கிறது. அதனால்தான் மேடையில் நிற்பவரின் கண்ணீரில் "ஜெயிச்சுட்டேன்" என்பதோடு "உயிரோட திரும்பிட்டேன்" என்பதும் கலந்திருக்கிறது.

கொண்டாட்டத்துக்கும் ரூல்ஸ் இருக்கா?

இருக்கு. ரேஸ் முடிந்ததும் கார்கள் குறிப்பிட்ட இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். அங்கே அதிகாரிகள் காரைச் சோதிப்பார்கள். ஃபார்முலா 1-ல் டிரைவரின் எடையையும் பார்ப்பார்கள். எடை மேடை ஏறும்வரை பல வீரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஹெல்மெட், உடை எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. வெளியே தெரியாமல் அழுது முடிக்க அதுவே வசதியாகவும் ஆகிவிடுகிறது.

இந்த விதியை மீறிய பிரபலமான சம்பவம் நம் நாட்டிலேயே நடந்தது. 2013 அக்டோபர் 27 அன்று கிரேட்டர் நொய்டாவில் வென்று, தொடர்ச்சியாக நான்காவது உலகப் பட்டத்தை உறுதி செய்தார் செபாஸ்டியன் வெட்டல். பிறகு நேராக ரசிகர்கள் முன்னால் காரை வட்டமடித்துப் புகை கிளப்பினார். இறங்கி, காரின் முன் மண்டியிட்டு வணங்கினார். வெட்டலுக்குக் கண்டிப்பு, அவருடைய ரெட் புல் அணிக்கு 25,000 யூரோ அபராதம்!

மேடையில் ஷாம்பெய்னைப் பீய்ச்சி அடிக்கும் பழக்கத்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் டான் கர்னி. 1967 லெ மான் ரேஸை வென்ற மகிழ்ச்சியில் அவர் செய்ததை இன்றுவரை எல்லோரும் தொடர்கிறார்கள். பஹ்ரைன், சவுதி போன்ற நாடுகளில் மட்டும் மது இல்லாத பானம்.

அப்போ, நம்ம ரோட்டுல கொண்டாடலாமா?

இங்கேதான் விஷயம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாக பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர்களின் டூவீலர், கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ் எல்லாம் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. ரேஸ் டிராக்கில் பிறந்த தொழில்நுட்பத்தோடு வரும் பைக்குகள், ஓசூரிலேயே தயாராகி அதே சாலையில் இறங்குகின்றன. ஜெயித்த வீரர் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு, அதைச் சாலையில் செய்து பார்க்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே, இதே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலிங் செய்த பிரபல யூடியூபர் ஒருவர் தூக்கி வீசப்பட்டுக் காயமடைந்தார். பிறகு கைது, சிறை, 10 ஆண்டுகளுக்கு ஓட்டுநர் உரிமம் ரத்து என்று போனது கதை. பொதுச்சாலையில் ரேஸ் விட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி சிறைத் தண்டனையோ ரூ.5,000 வரை அபராதமோ கிடைக்கும். மறுபடியும் செய்தால் தண்டனை கூடும்.

டிராக்குக்கும் சாலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்:

* டிராக்கில் எதிரே வண்டி வராது. சாலையில் எப்போது யார் குறுக்கே வருவார்கள் என்று தெரியாது.
* டிராக்கில் கொடி காட்ட ஊழியர்கள், ஆம்புலன்ஸ், டாக்டர்கள் தயாராக நிற்பார்கள். சாலையில் 108 வந்து சேர வேண்டும்.
* டிராக்கில் இறங்குபவர் ஆபத்தைத் தெரிந்து, சம்மதித்து இறங்குகிறார். சாலையில் எதிரே வரும் குடும்பம் எதற்கும் சம்மதிக்கவில்லை.

ஆசை இருந்தால் வழி என்ன?

ரேஸ் ஆசை தப்பில்லை. அதற்கு முறையான இடங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் சென்னை சர்வதேச ரேஸ் டிராக், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே. தேசியப் போட்டிகளில் இறங்க, இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ வழங்கும் போட்டி உரிமம் வேண்டும். பயிற்சி, லெதர் சூட், மருத்துவத் தகுதி எல்லாம் பார்த்துத்தான் டிராக்கில் விடுவார்கள்.

செலவு அதிகம் என்பது உண்மைதான். இந்தியாவில் திறமை இருந்தும் பலர் பாதியிலேயே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்பான்சர் தேடி அலைந்து, கடன் வாங்கி, எலும்பு உடைந்து, மறுபடியும் பைக் ஏறி மேடைக்கு வருபவர்களுக்கு, கோப்பையைக் கையில் வாங்கும்போது வீட்டில் காத்திருந்தவர்களின் முகம்தான் முதலில் ஞாபகம் வரும்.

அடுத்த முறை ஒரு வீரர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் வீடியோ உங்கள் போனுக்கு வந்தால், உடனே தள்ளிவிட்டுப் போகாமல் ஒரு நிமிடம் பாருங்கள். வீட்டில் பைக் ஆசையோடு ஒரு தம்பி இருந்தால், அவனிடமும் காட்டுங்கள். முன்சக்கரம் தூக்குவதை மட்டும் பார்த்தவனுக்கு, அதற்குப் பிறகு வரும் அழுகை எதற்காக என்பதும் தெரியட்டும்.