அரைக் கிலோ துப்பாக்கியும் ஆறு கிலோ விசையும்

ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தைந்து வருடம் ஸ்பிரிங்குகளோடும் பிரேக்குகளோடும் மல்லுக்கட்டிய எனக்கு, ஓய்வு பெற்ற பிறகு ஒரு ரிவால்வரின் உள்ளுறுப்புகளைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஜபல்பூரில் நம்மவர் ஒருவர், எனக்கு இரண்டு வயது மூத்தவர், கட்னி சாலையில் பெட்ரோல் பங்க் நடத்துகிறார். இரவில் வசூல் பணத்தோடு தனியே வீடு திரும்புகிறவர். ஆகவே முறைப்படி லைசென்ஸ் வாங்கி, பல வருடமாகக் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். பழையது கனமாக இருக்கிறது, இடுப்பை இழுக்கிறது என்று, குட்டைக் குழல் வைத்த இலேசான .32 ரிவால்வர் ஒன்றுக்கு மாறினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, இது இலேசுன்னு வாங்கினேன். விசையை இழுக்க முடியலை. நீங்க ஸ்பிரிங் ஆளாச்சே, ஒரு சுத்து வெட்டிக் கொடுத்துடுங்களேன்."

அண்ணாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. வலது ஆள்காட்டி விரல் மடங்கினால் நிமிராமல் மாட்டிக்கொள்கிறது. டாக்டர் அதற்குச் சொன்ன பெயர் 'டிரிக்கர் ஃபிங்கர்'. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!

நான் முடியாது என்றேன். முதல் காரணம் சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவின்படி, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். வீட்டு வைஸில் மாட்டி அரம் போட்டால் நானும் குற்றவாளி, கொடுத்த அவரும் குற்றவாளி. இரண்டாவது காரணம் பொறியியல். அதைச் சற்று விளக்கவேண்டும்.

ரிவால்வரில் விசையை ஒரே மூச்சில் இழுக்கும்போது விரல் பல வேலை செய்கிறது. தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரை ஒரு அறை சுற்றவேண்டும்; பின்னாலுள்ள சுத்தியைத் தூக்கி முதன்மை ஸ்பிரிங்கை அமுக்கவேண்டும்; விசையைத் திரும்ப முன்னே தள்ளுகிற இன்னொரு ஸ்பிரிங்கையும் எதிர்க்கவேண்டும். கடைசியில் சுத்தி விடுபட்டு விழுந்து, தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் மூடியைத் தட்டுகிறது. துப்பாக்கி சிறிதானால் இந்த வேலை குறையும் என்று நினைக்கத் தோன்றும். குறையாது. பிரைமர் வெடிக்க இவ்வளவு அடி வேண்டும் என்பது தோட்டாவின் கணக்கு. துப்பாக்கி சின்னதா பெரியதா என்று அதற்குத் தெரியாது. சின்னத் துப்பாக்கியில் சுத்தியும் சின்னது, அது விழுகிற தூரமும் குறைவு. தூரம் குறைந்தால் அதே சக்திக்கு விறைப்பான ஸ்பிரிங்தான் போட்டாகவேண்டும். ஆக, விரலுக்குச் சுமார் ஐந்தரை ஆறு கிலோ.

இதோடு எடைக் கணக்கையும் சேருங்கள். 900 கிராம் எஃகுத் துப்பாக்கியில் ஆறு கிலோ இழுப்பு என்றால் சுமார் ஏழு மடங்கு. 500 கிராமில் பன்னிரண்டு மடங்கு. இழுக்கிற இழுப்பில் குழல் வாய் தானாகவே கீழே குனிந்துவிடும். குறி எங்கே, குண்டு எங்கே!

இது எந்த ஒரு தயாரிப்பாளரின் குறையும் அல்ல. அமெரிக்காவில் கோல்ட் நிறுவனம் 1927இல் இரண்டு அங்குலக் குழலோடு 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' விற்கத் தொடங்கியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950இல் ஐந்து தோட்டாச் சிறு ரிவால்வரும், பின் அலுமினியக் கலவைச் சட்டத்தில் 'ஏர்வெயிட்' வகையும் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2014இல் கான்பூர்த் தொழிற்சாலை டைட்டானியம் கலவையில் 500 கிராம் 'நிர்பீக்' ரிவால்வரை, பெண்களை மனதில் வைத்து வெளியிட்டது. எடையைக் குறைக்க உலோகம் உண்டு. விசையைக் குறைக்க அப்படிச் சுலப வழி இல்லை.

வழியே இல்லையா என்றால், உண்டு. அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 2009இல் வெளியிட்ட எல்.சி.ஆர் என்ற 380 கிராம் சொச்ச ரிவால்வரில் ஸ்பிரிங்கோடு சண்டை போடவில்லை. விசைக்கும் சுத்திக்கும் நடுவே உராய்வைக் குறைக்கிற ஒரு கேம் வடிவத்தை வைத்தார்கள். இழுப்பு நடுவில் மலைபோல் ஏறாமல் சீராகப் போகும். எனக்கு அந்த வடிவமைப்பாளரின் கையைக் குலுக்கவேண்டும் போல இருந்தது. வேலையைக் குறைக்க முடியாவிட்டால் அதைப் பரப்பு என்பது எங்கள் பிரேக் லீவர்களிலும் உள்ள பாடம்தான்.

இனி, ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன ஆகும்? ஒரு சுற்று போனால் ஸ்பிரிங் குட்டையாகி, ஆரம்ப அழுத்தம் இறங்கிவிடும். விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் சுத்தியின் அடியும் அதோடு இறங்கிவிடும். வெட்டிய முனை சமமாக உட்காராமல் ஒருபக்கம் சாயும், உரசும். ஐ.சி.எஃப் பெட்டிகளின் ஸ்பிரிங்குகளைக்கூடச் சோதனைச் சுமையில் உயரம் அளந்து, ஏ, பி, சி என்று பிரித்து, ஒரே வகையைத்தான் ஜோடி சேர்ப்போம். உயிர் விஷயத்தில் கண்மதிப்பு உதவாது. இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார்.

தலையாட்டியவர் மறுவாரமே ஊருக்குள் யாரோ ஒரு மிஸ்திரியிடம் போய் இரண்டு சுற்று வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்! "பாருங்க, ஒத்தை விரலால சொடக்கு மாதிரி இழுக்குது," என்று ஒரே பெருமை. நான் வாதாடவில்லை. ரைபிள் கிளப் மைதானத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன், கூடவும் போனேன்.

முதல் மூன்று வெடித்தன. நாலாவது 'டிக்'. அவ்வளவுதான். மைதானப் பொறுப்பாளர் குழலை இலக்கின் பக்கமே பிடித்தபடி அரை நிமிடம் காத்திருக்கச் சொன்னார். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. வெடிக்கவில்லை. ஐந்தாவது வெடித்தது. ஆறாவது மறுபடி 'டிக்'. வெளியே எடுத்த தோட்டாவின் அடியில் ஊசி குத்தியதுபோல் மெல்லிய தழும்பு, அவ்வளவே. அண்ணா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. கட்னி சாலை இருட்டில் இந்த 'டிக்' சத்தம் கேட்டிருந்தால் என்ற நினைப்பு அவர் முகத்தில் எழுதியிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், "அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றார். அண்ணியிடம் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

பிறகு உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுக்காரரிடம் கொடுத்தோம். அவர் முதலில் செய்தது, சரியான புது ஸ்பிரிங்கைப் போட்டது. உள்ளே பழைய எண்ணெய் பிசினாக இறுகிக் கிடந்ததைக் கழுவினார். உராயும் முகங்களை மிக மெல்லியதாக மெருகேற்றினார், கோணங்களைத் தொடவில்லை. மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்ட உலோகம், அதிகம் தேய்த்தால் உள்ளே மெத்தென்ற இரும்பு வந்துவிடும் என்று அவர் சொன்னபோது, நல்ல ஃபிட்டர் ஒருவரைச் சந்தித்த மகிழ்ச்சி எனக்கு. சின்ன மரப்பிடிக்குப் பதில் கை நிறையப் பிடிக்கிற ரப்பர் பிடி. தராசு வைத்துப் பார்த்தோம்: ஆறு கிலோ ஐந்தானது. ஒரு கிலோதான். ஆனால் கரகரப்பு போய்விட்டது. விரல் நுனியை விட்டு முதல் கணுவருகே வைத்து இழுக்கவும் பழக்கினார். பன்னிரண்டு தோட்டா சுட்டோம், பன்னிரண்டும் வெடித்தன.

வெற்றுத் தோட்டா போட்டுத் தினமும் பத்துத் தடவை இழுத்துப் பழகுகிறார். விரல் இன்னும் சில காலைகளில் மாட்டிக்கொள்கிறது. இதற்கிடையில் பங்க்கில் பாதிப் பேர் போனைக் காட்டிப் பணம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். மிச்சப் பணத்தைப் பகலிலேயே வங்கியில் கட்டிவிடச் சொல்லி அண்ணி உத்தரவு போட்டுவிட்டார். ரிவால்வர் பெரும்பாலும் பீரோவில் இருக்கிறது.