எண்ணெய் பிரிக்கும் குமிழிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஒட்டாத உறவை 'எண்ணெயும் தண்ணீரும் போல' என்போம். ஆனால் கலங்கிப்போன அவ்விரண்டையும் பிரிப்பது எளிதன்று. என் தந்தை லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். பட்டறை நீர் ஓடும் வாய்க்காலில் வானவில் நிறங்கள் மிதப்பதைச் சிறுவயதில் வியந்து பார்ப்பேன். "அழகில்லடா, அது வயலுக்கு விஷம்" என்பார் அவர். எண்ணெய்ப் படலம் நீருக்குள் ஆக்ஸிஜன் புகுவதைத் தடுக்கிறது என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்பே அறிந்தேன்.

எண்ணெய் நீரைவிட இலேசானதாயிற்றே, தானே மிதக்காதா? பெரிய துளி மிதக்கும். ஸ்டோக்ஸ் விதிப்படி, துளியின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அது மேலேறும் வேகம் நூற்றில் ஒரு பங்காகிவிடும். நீரைவிட அடர்த்தி 15 விழுக்காடு குறைந்த எண்ணெய்க்கு நான் கணக்கிட்டேன். 100 மைக்ரான் துளி அசையாத நீரில் ஒரு மீட்டர் ஏற ஏறத்தாழ 20 நிமிடம் போதும்; 10 மைக்ரான் துளிக்கோ 34 மணி நேரம்! கடலில் எண்ணெய் எடுக்கும்போது பெருமளவு நீரும் உடன் வருகிறது. அதை அவ்வளவு நேரம் தேக்கிவைக்க மேடையில் இடமேது?

இங்கே வாயு உதவுகிறது. சோடாவில் உலர்ந்த திராட்சை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூழ்கிய திராட்சையில் குமிழிகள் ஒட்டிக்கொள்ள, அது மேலே வரும். அவ்வாறே, அழுத்தத்தில் நீரில் வாயுவைக் கரைத்து, பின் அழுத்தத்தைக் குறைத்தால் நுண்குமிழிகள் தோன்றும். சுழலும் விசிறியால் வாயுவை உள்ளிழுத்துக் குமிழியாக்குவது மற்றொரு முறை. எண்ணெய்த் துளிகள் குமிழிகளில் ஒட்டி, விரைந்து மேலேறி நுரையாகின்றன. நுரையை வழித்தெடுத்துவிடலாம். துளிகளை ஒன்றுசேர்க்க முன்னதாகச் சில வேதிப்பொருள்களையும் சேர்ப்பர். எண்ணெய் மேடைகளில் காற்றுக்குப் பதிலாக இயற்கை வாயு அல்லது நைட்ரஜனைப் பயன்படுத்துவர். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் எண்ணெய் ஆவியோடு கலந்தால் தீ விபத்து நேரலாம் அல்லவா?

வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பர் அமைப்பு, கடலில் விடும் இந்நீரில் சிதறிய எண்ணெய்க்கு வகுத்த அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம். ஆனால் நீரில் முற்றும் கரைந்துவிட்ட பீனால் போன்றவற்றைக் குமிழிகளால் பிரிக்க இயலாது. இம்முறையின் எல்லை அது.

பட்டறைக்கு இத்தகைய இயந்திரம் கட்டுப்படியாகாது. ஆயினும் தடுப்புச் சுவருள்ள சிறு தொட்டியில் நீரைத் தேக்கினால் பெரிய துளிகளையாவது பிரிக்கலாம். அதன் படத்தை வரைந்து தந்தையிடம் தந்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "முதலாளிகிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.