கம்பியூட்டர் போய்விட்டது என்றால் உடனே காசைக் கொடுக்காதீர்கள்

நமது தோட்டங்களில் பழைய ஜப்பான் வேனோ காரோ வாங்கி ஹயர் ஓடிக் குடும்பத்தைப் பார்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வண்டி திடீரென்று நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். அந்த நேரத்தில் கராஜில், "இன்ஜின் கம்பியூட்டர் போய்விட்டது, வேறு போட வேண்டும்" என்று சொன்னால் கையும் காலும் ஓடாது. நகையை அடகு வைப்பார்கள், வட்டிக்கு வாங்குவார்கள். புதுப் பெட்டி போட்ட பிறகும் வண்டி ஓடாவிட்டால்? எத்தனை நாள் பேர் போட்டுச் சேர்த்த காசு அது! ஆகவே இந்த விடயத்தை எல்லோரும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கம்பியூட்டர் என்ன செய்கிறது?

இன்ஜினில் உள்ள சென்சர்கள் சூடு, காற்று, வேகம் முதலியவற்றைப் பார்த்துச் சொல்கின்றன. அதை வைத்து எவ்வளவு பெட்ரோல் அடிப்பது, எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்று இந்தப் பெட்டி தீர்மானிக்கிறது. பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள் இருக்கும். சாதாரண பம்ப் உள்ள பழைய டீசல் வேன்களுக்கு இன்ஜினை ஓட்டக் கம்பியூட்டர் தேவையில்லை. அப்படியான வேனுக்கு யாராவது கம்பியூட்டர் பழுது என்றால் நன்றாக யோசியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை

பெட்டி பழுதாவது குறைவு. பெட்டிக்குப் போகும் கரண்ட், எர்த், வயர், சென்சர் இவைதான் அதிகம் பழுதாகும். மலைநாட்டு ஈரத்தில் வயர் சொக்கெட்டுகள் பச்சை பிடிப்பதும் சகஜம்.

1. பெட்டரி முனைகள் சுத்தமாக, இறுக்கமாக உள்ளனவா?
2. இன்ஜின் கம்பியூட்டருக்கான பியூஸ், ரிலே நல்ல நிலையில் உள்ளனவா?
3. இன்ஜினில் பூட்டியிருக்கும் எர்த் வயர் துருப்பிடித்து அல்லது தளர்ந்து இருக்கிறதா?
4. சாவியைத் திருப்பியதும் 'செக் இன்ஜின்' லைட் எரிகிறதா?

இந்த லைட்தான் முக்கியம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஒன்' செய்தவுடன் அது எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு, பியூஸ், ரிலே, எர்த் எல்லாம் பாருங்கள். அவை சரி என்றால், சென்சர்களுக்குப் பெட்டி அனுப்பும் 5 வோல்ட் கரண்ட் எங்கோ ஷோட் ஆகியிருக்கலாம். சாவியை ஓஃப் செய்து ஒரு சென்சரின் சொக்கெட்டைக் கழற்றி, மறுபடி ஒன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது லைட் திரும்ப எரிந்தால், கோளாறு அந்தச் சென்சரில் அல்லது அதன் வயரில். பெட்டியில் இல்லை.

1990களின் பல டொயோட்டா பெட்ரோல் வண்டிகளில் பானட்டுக்குள் 'டயக்னோசிஸ்' என்று எழுதிய சிறு பெட்டி உண்டு. அதில் டீஈ1, ஈ1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு வயர் துண்டால் இணைத்துச் சாவியை ஒன் செய்தால் லைட் மின்னி மின்னிக் கணக்குச் சொல்லும். இரண்டு தரம் மின்னி, நிறுத்தி, மறுபடி இரண்டு தரம் மின்னினால் 22. அது சூடு பார்க்கும் சென்சர். நாலும் ஒன்றும் என்றால் 41, திரோட்டில் சென்சர். ஒரே சீராக மின்னிக்கொண்டே இருந்தால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. துளை மாறினால் வயர் கருகும். தெரிந்தவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணுங்கள்.

பெட்டியே பழுது என்றால்

கரண்டும் எர்த்தும் சரி, சென்சர்களும் சரி, அப்படியும் வேலை செய்யவில்லை என்றால் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். பழைய பெட்டிகளில் கப்பாசிட்டர் என்ற சிறு உருளைகள் காலப்போக்கில் ஒழுகும். பலகையில் கறை இருக்கும், சில வேளை மீன் வாடையும் வரும். பலகை அதிகம் அரிக்கப்படாவிட்டால், கைதேர்ந்த எலக்ட்ரோனிக் பாஸ் ஒருவர் அந்த உருளைகளை மட்டும் மாற்றியே சரி செய்துவிடலாம். பலகை கருகியிருந்தால் ஏன் கருகியது என்று கேளுங்கள். ஷோட் ஆன வால்வு, கொயில் போன்றவற்றை மாற்றாமல் வேறு பெட்டி போட்டால் அதுவும் கருகும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் வேறு எங்கு வாங்கினாலும் பழைய பெட்டியைக் கையோடு கொண்டு போங்கள். வெளியில் ஒட்டியிருக்கும் இலக்கம் முழுவதும் ஒத்திருக்க வேண்டும். டொயோட்டா என்றால் பெரும்பாலும் 89661 என்று தொடங்கும், அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களையும் பாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஓட்டோ கியருக்கும் மெனுவல் கியருக்கும் பெட்டி வேறு. சாவியில் சிப் உள்ள வண்டி என்றால் புதுப் பெட்டிக்குச் சாவியையும் பதிய வேண்டும். அந்தச் செலவையும் முன்பே கேளுங்கள். வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுப்பதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பூட்டும்போது சாவி ஓஃப், பெட்டரியின் மைனஸ் வயர் கழற்றியிருக்க வேண்டும். சாவி ஒன்னில் இருக்கும்போது சொக்கெட்டை இழுக்கவே கூடாது. பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, லைட்டை மறுபடி பாருங்கள். வண்டி சில நாள் ஒழுங்காக ஓடும் வரை பழைய பெட்டியை வீசாதீர்கள்.

பாஸ்மாரை நம்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பாஸ் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். "கரண்ட் பார்த்தீர்களா? எர்த் பார்த்தீர்களா? லைட் என்ன சொல்லியது?" இந்த மூன்றையும் கேட்டு, பதில் வாங்கிய பிறகு காசை எடுங்கள்.